குதிரை வெளியே தெரிகிற துவக்கு

றெமிஜியஸிடம் இருந்த கைத்துவக்கைப் பற்றிக் கிளப்பில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. முழுக்க உருக்கு, கையில் எடுத்தால் பாரம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு சின்னத் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையும் மூடிப்போய்விட்டது. பின்பக்கத்தில், பெருவிரல் படுகிற இடத்தில், உள்ளே இருக்கும் ஊசியைத் தட்டித் தோட்டாவை வெடிக்கவைக்கிற சின்னச் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் குதிரை என்று சொல்வார்கள். இப்போது வருகிற துவக்குகள் பெரும்பாலானவற்றில் குதிரை கிடையாது. எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். உடம்பு பிளாஸ்ரிக். நாள் முழுக்கச் சுட்டாலும் மணிக்கட்டு நோகாது.

இப்படி இரண்டு துவக்குகள் மிசிசாகாவில் ஒரு கடையில் விலைப்படாமல் கிடந்தபோது, ஒன்றை றெமிஜியஸும் மற்றதை அவருடைய கூட்டாளி கஸ்பரும் வாங்கினார்கள். இரண்டு பேரும் மன்னார்ப் பக்கம். அகதியாக வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். றெமிஜியஸ் பின்னர் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் வேலைத்தலம் ஒன்றில் கடைசல் மெசின் வேலைக்குப் போனார். கஸ்பர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஸ்காபரோவில் இரண்டு வீடுகளும் கூப்பிடு தூரம்.

சனிக்கிழமைகளில் இருவரும் ஸ்டூவ்விலுக்கு வடக்கே, கிரவல் ரோட்டு முடிகிற இடத்தில் இருந்த கிளப்புக்குப் போவார்கள். மூன்று பக்கமும் மண் அணை, ஒரு தகரக் கூரை, கடதாசி இலக்குகள். சுட்டு முடிய, ஈயத்தூள் போவதற்கென்று வைத்திருக்கும் சவர்க்காரத்தால் முழங்கைவரை கழுவிவிட்டு, ஹீற்றர் எரிகிற மரக்கொட்டிலுக்குள் இருந்து பேர்ணடெற் கட்டிக்கொடுத்த மீன் கட்லட்டைச் சாப்பிடுவார்கள். பேர்ணடெற் றெமிஜியஸின் மனைவி. அவருக்குத் துவக்கு என்ற சொல்லே பிடிக்காது. அவருடைய தமையனைத் தலைமன்னார் ரோட்டில் வைத்துச் சுட்டவர்கள் யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. கலியாணம் கட்டிப் பல வருசம் கழித்து மனுசன் இப்படியொரு பழக்கத்தைத் தொடங்கியபோது அவர் ஒரு கிழமை கதைக்கவில்லை.

"ஓடி வந்ததே உதுக்குப் பயந்துதானே. பேந்து என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அங்க துவக்கு எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. இஞ்ச ஒரு கடதாசியைப் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்கு அது ஒரு ஆறுதல்," என்றார் றெமிஜியஸ்.

அதற்குமேல் பேர்ணடெற் கேட்கவில்லை. துவக்கு பேஸ்மென்ற்றில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவேண்டும், கிளப்புக்குப் போட்டுப்போன உடுப்பைத் தனியாகத் தோய்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தார். அவ்வளவும் நடந்தது.

கிளப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை மிதுனன். சண்முகநாதன் என்றொரு மாஸ்ரருடைய மகன், இங்கேயே பிறந்தவன், கொம்பியூட்டர் வேலை. அவனிடம் புதுமாதிரித் துவக்கு இருந்தது. கட்லட்டில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சாப்பிட்டுக்கொண்டே வம்புக்கு வருவான்.

"அங்கிள், உது மியூசியத்தில வைக்கிற சாமான். முதல் வெடிக்கு றிகரை இழுக்க ஒரு பாரம், ரெண்டாவதுக்கு வேற பாரம். என்ர எல்லா வெடிக்கும் ஒரே ஃபீல். ஒனெஸ்ற்லி, இந்தக் காலத்தில ஆர் உதை வாங்குவினம்?"

கஸ்பர்தான் பதில் சொல்லுவார். "உன்ர துவக்கு சுட ஆயத்தமா நிக்குதோ இல்லையோ எண்டு பின்னால நிண்டு பாத்துச் சொல்லு பாப்பம்."

"அதைத் திறந்துதான் பாக்கோணும்."

"எங்கட அப்பிடியில்லை. குதிரை எழும்பி நிண்டால் எழும்பி நிக்குது. படுத்தால் படுத்திருக்கு. பாத்தவுடன தெரியும்."

"படுத்திருந்தாலும் உள்ளுக்குக் குண்டு இருக்கலாம்தானே அங்கிள்?"

"இருக்கலாம்," என்று கஸ்பர் ஒப்புக்கொள்வார். "அதால அதையும் திறந்துதான் பாக்கோணும். எண்டாலும் அரைவாசிச் சங்கதியையாவது அது மறைக்காமல் சொல்லுது. உன்ரது ஒண்டுமே சொல்லாது."

றெமிஜியஸ் சிரித்துக்கொண்டு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றுவார். இந்த வாக்குவாதம் பல வருசமாக நடந்தது. ஒருவரும் வெல்லவுமில்லை, வெல்ல விரும்பவுமில்லை.

பிறகு அரசாங்கம் கைத்துவக்குகளை வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தியது. இருப்பவர்கள் வைத்திருக்கலாம், சுடலாம். இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, பிள்ளைக்குக்கூட எழுதிவைக்க முடியாது. "எங்களோட இதுகளும் முடியும்," என்றார் கஸ்பர். அதைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை.

போன கார்த்திகையில், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு பஸ்ஸை யார்ட்டில் கொண்டுவந்து நிறுத்திய கஸ்பர், பெல்ற்றைக் கழற்றாமலே இருந்த இருப்பில் போய்விட்டார். இருதயம். செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் கஸ்பரின் மனைவி றெமிஜியஸைக் கூப்பிட்டார். வீட்டில் அந்தச் சாமானை வைத்துக்கொண்டு தன்னால் படுக்க முடியவில்லை என்றார். பொலிசுக்கு அறிவித்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையானவர்கள். றெமிஜியஸ்தான் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொடுத்தார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அழித்துவிடுவோம் என்று ஒருவர் சொன்னார். பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, சீல் ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் அன்றைக்கு முதற் பனி தூவிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு றெமிஜியஸ் கிளப்புக்குப் போகவில்லை.

வேலைக்குப் போனார். விடிய முன்னர் காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு 401 ஹைவேயில் மேற்கே போய், பின்னேரம் திரும்பி வருவார். வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே பேஸ்மென்ற்றுக்கு இறங்குவார். மேலே வரும்போது கையில் எண்ணெய் மணக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்து இருப்பார். புட்டைக் குழம்போடு பிசைந்து வைத்துவிட்டு, பிசைந்தது பிசைந்தபடியே எழும்பிப் போவார். படுக்கையில் கண் திறந்தபடி கிடப்பார். தை, மாசியில் பனி முழங்காலுக்கு விழுந்தது. எத்தனையோ வருசம் தானே அள்ளியவர், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவதை யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேர்ணடெற் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர். குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. சாப்பாட்டை முகம் திருப்பித் தள்ளுகிறவர்களை அவருக்குத் தெரியும். பல்லு நோவால் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், மறதியால் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். போதும் என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். தன் வீட்டு மேசையில் எது நடக்கிறது என்று அவர் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டார். விளங்கிய பிறகும் கொஞ்ச நாள் விளங்காதமாதிரி இருந்தார்.

தவக்காலத்து வெள்ளி ஒன்றில் அவருக்கு லீவு. பனி உருகி, கூரைப் பீலியால் தண்ணி ஓடும் சத்தம் வீட்டைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, தேத்தண்ணியோடு கீழே போனார். வழமையாக அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

றெமிஜியஸ் மேசையில் ஒரு பழைய துவாய் விரித்து இருந்தார். துவக்கு அதன்மேல் முழுதாகக் கிடந்தது. பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல், குழல் துடைக்கிற கம்பி, துணித்துண்டுகள். ஒன்றிலும் அவர் கை வைத்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"துடைக்கிறன்."

"சுடாத துவக்கை ஏன் துடைக்கிறியள்?"

பேர்ணடெற் தேத்தண்ணியை மேசையில் வைக்க மனமில்லாமல் படிக்கட்டில் வைத்தார். இல்லத்தில் ஒருமுறை வகுப்பு வைத்தபோது சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது: சுற்றிவளைக்காமல் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிறத்தியாரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். சொந்த மனுசனிடம் கேட்டதில்லை.

"உங்களுக்குச் சாகவேணும்போல கிடக்கோ?"

"விசர்க்கதை கதையாதையும்," என்றார் றெமிஜியஸ்.

ஆனால் உடனே சொல்லவில்லை. முதலில் துவக்கைப் பார்த்து, பிறகு சுவரைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சொன்னார். பேர்ணடெற்றுக்கு அந்த இடைவெளி போதும். மேலே போய் அடுப்படியில் நின்றார். குழம்புச் சட்டியை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார்.

அடுத்த நாள் மகள் மெலனி மிசிசாகாவிலிருந்து வந்தாள். இருவரும் காருக்குள் இருந்து கதைத்தார்கள்.

"அம்மா, யூ ஹாவ் டு கோல். அதுக்கெண்டு நம்பர் இருக்கு. வீட்டாக்கள் அடிச்சுச் சொல்லலாம். பொலிசுக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவினம்."

"எடுத்தால் திருப்பித் தருவினமோ?"

"ஐ டோன்ற் நோ. ஹூ கெயர்ஸ், அம்மா? அது ஒரு துவக்கு."

"அது உனக்கும் எனக்கும் துவக்கு. ஒருநாள் ஆரோ வந்து தூக்கிக்கொண்டு போயிட்டினம் எண்டு கண்டால் அந்தாள் என்னாகும் எண்டு யோசிச்சியோ? கஸ்பரையும் அப்பிடித்தான் தூக்கினது. அவற்ர துவக்கையும் அப்பிடித்தான் தூக்கினது."

மெலனி அழத் தொடங்கினாள். "அப்பா நாளைக்கு ஏதும் செய்தால்?"

அன்று பின்னேரம் பேர்ணடெற் மிதுனனுக்குத் தொலைபேசி அடித்தார். அவன் வீட்டில் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, "சும்மா அப்பிடிச் செய்ய ஏலாது அன்ரி, அனுமதி வேணும்," என்றான். "கிளப்பில துவக்கு பூட்டி வைக்கிற வோல்ற் ஒண்டு இருக்கு. கொஞ்ச நாளைக்கு அங்க வைக்க விடுவினம். அதுக்கும் லைசென்ஸ் ஒஃபீசில கேக்கோணும். பட் அங்கிள்தான் கேக்கோணும். அவராக் கேட்டால் அது வேற. நீங்கள் கம்ப்ளெயின் பண்ணினால் அது வேற."

"அந்தாள் கேக்காட்டி?"

"கேக்காட்டி நீங்கள் அடியுங்கோ அன்ரி. வெயிற் பண்ணாதேங்கோ."

ஞாயிறு பூசைக்குப் போகும்போது பேர்ணடெற் இரும்புப் பெட்டியின் திறப்பைக் கேட்டார். றெமிஜியஸ் ஏனென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கேட்காமல் கொடுத்ததுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. மெலனியைத் தகப்பனோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். பூசையில் என்ன வாசித்தார்கள் என்று தெரியாது.

திரும்பி வந்து, மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் மனுசனுக்கு முன்னால் இருந்தார். கைத்தொலைபேசியை நடுவில் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ. நாளைக்குக் காலமை நான் மெலனி சொன்ன நம்பருக்கு அடிக்கப்போறன். இந்த மனுசனிட்டத் துவக்கு இருக்கு, எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு சொல்லப்போறன். உங்களுக்கு ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதுதான் சொல்லுறன்."

றெமிஜியஸ் தொலைபேசியைப் பார்த்தார். "அடிச்சால் கொண்டுபோவினம்."

"கொண்டுபோகட்டும்."

"பேந்து வராது. வேற வாங்கவும் ஏலாது."

"நீங்கள் போனால் வேற வாங்கலாமோ?"

வெளியே பீலித் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. றெமிஜியஸ் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் நீவினார். பிறகு, யாரோ ஒருவருடைய விசயத்தைச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"கஸ்பற்ர துவக்கைத் துடைக்காமல் குடுத்தனாங்கள்."

பேர்ணடெற்றுக்கு விளங்கவில்லை.

"கடைசிச் சனிக்கிழமை சுட்டிட்டு அவனுக்கு நேரமில்லை, பேத்தியின்ர பேர்த்டே எண்டு ஓடினவன். நாளைக்குத் துடைக்கிறன் எண்டவன். பெட்டியைத் திறக்கேக்க கரி மணந்தது. எனக்குத் தெரியும் அதுக்குள்ள கரி கிடக்கெண்டு. அந்தப் பொலிஸ் பொடியளிட்ட அஞ்சு நிமிசம் தாங்கோ, ஒருக்காத் துடைச்சுப்போட்டுத் தாறன் எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்ல. வெக்கமாக் கிடந்தது. அழிக்கிற சாமானை ஏன் துடைக்கிறாய் எண்டு சிரிப்பாங்கள் எண்டு நினைச்சன். ஊத்தையோட குடுத்தன்."

"அதுக்கோ இவ்வளவும்?"

"எனக்குத் தெரியாது. அதில இருந்துதான் துவங்கினது. ஒவ்வொரு நாளும் என்ரதைத் துடைக்கிறன். துடைச்சு முடிய ஒண்டும் செய்ய இல்லை. அப்பிடியே இருக்கிறன். மாசியில ஒரு நாள்..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்கோ."

"ஒரு நாள் யோசிச்சனான். நீர் வேலைக்குப் போயிட்டீர். குண்டுப் பெட்டியையும் எடுத்து வைச்சனான். பேந்து நீர்தானே வந்து காணப்போறீர் எண்டு நினைச்சன். திருப்பிப் பூட்டிப்போட்டன்."

பேர்ணடெற் எழும்பவில்லை, கத்தவில்லை. அவருடைய கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் பூட்டினபடியே இருந்தன.

"அண்டைக்குப் பின்னேரம் நான் வந்தனான்," என்றார். "கணவாய் மீன் வாங்கிக்கொண்டு வந்தனான். நீங்கள் துப்பரவாக்கித் தந்தனீங்கள். எனக்கு ஒண்டும் தெரியேல்ல."

"ஓம்."

"உந்தத் துவக்கைப் பாத்தவுடன தெரியும், அதுதான் உதின்ர பெருமை எண்டு நீங்களும் கஸ்பரும் இஞ்ச இருந்து எத்தனை தரம் கதைச்சிருப்பியள். எனக்கு உங்களைப் பாத்து ஒண்டும் தெரியேல்லையேப்பா. நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

றெமிஜியஸ் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். முப்பத்தைந்து வருசத்தில் பேர்ணடெற் அவர் அழுது பார்த்தது தாயின் செத்தவீட்டுச் செய்தி வந்த அன்றைக்கு மட்டும்தான். கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு எழும்பிப் போய் மனுசனின் தலையைத் தன் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை றெமிஜியஸ் வேலைக்குப் போகவில்லை. பேர்ணடெற் பக்கத்தில் இருக்க, அவரே துவக்கு லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு அடித்தார். அவருடைய இங்கிலிஸ் வேலைத்தலத்து இங்கிலிஸ். தனக்கு மனம் சரியில்லை, துவக்கு தன் வீட்டில் இருக்கவேண்டாம், கிளப்பில் வைக்க அனுமதி வேண்டும் என்று சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் ஆறுதலாகக் கேள்விகள் கேட்டாள். லைசென்ஸை நாங்கள் திருப்பிப் பார்க்கவேண்டி வரலாம், திருப்பித் தராமல் விடவும் கூடும் என்றாள். "ஐ அண்டர்ஸ்ராண்ட்," என்றார் றெமிஜியஸ். கடைசியில் அவள், நீங்கள் அடித்தது நல்ல காரியம் என்றாள். அதைக் கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். அன்று மத்தியானமே குடும்ப வைத்தியரிடமும் போனார்கள். மாத்திரை எழுதினார், கதைக்கிறதுக்கு ஒரு ஆளிடமும் அனுப்பினார்.

அனுமதி வரும்வரை திறப்பு பேர்ணடெற்றின் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு கிடந்தது.

அனுமதி கிடைத்த சனிக்கிழமை இருவரும் துவக்கோடு கிளப்புக்குப் போனார்கள். மிதுனன் தன் காரில் முன்னுக்கு வந்து நின்றான். கிரவல் ரோட்டு உருகிச் சேறாகிக் கிடந்தது. வயல்களில் பனி திட்டுத்திட்டாக மிச்சம். பேர்ணடெற் அந்த இடத்தை முதல்தடவை பார்த்தார். இவ்வளவு காலமும் மனதில் வைத்திருந்த இடம் வேறு. இது ஒரு மாட்டுக்கொட்டில்போல இருந்தது.

வோல்ற்றுக்குள் வைக்குமுன் மிதுனன் கேட்டான். "அங்கிள், நான் ஒருக்காச் சுடட்டோ? இத்தனை வருசத்தில ஒரு நாளும் நீங்கள் தந்ததில்லை."

"நீ கேட்டதில்லை," என்றார் றெமிஜியஸ்.

காதுக்கும் கண்ணுக்கும் மாட்டிக்கொண்டு பேர்ணடெற் பின்னால் வாங்கில் இருந்தார். றெமிஜியஸ் பெட்டியைத் திறந்து, துவக்கைத் திறந்து காட்டி, வெறுமை என்று மிதுனனையும் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். மிதுனனின் முதல் வெடி கடதாசியின் கீழ் மூலைக்குப் போனது. முதல் வெடிக்கு விசையை நீளமாக, பாரமாக இழுக்கவேண்டும். அவனுடைய விரலுக்கு அது பழக்கமில்லை. அடுத்தவற்றுக்குக் குதிரை தானே எழும்பி நின்றது. ஒவ்வொரு வெடிக்கும் பேர்ணடெற்றின் தோள் துள்ளியது. ஆனாலும் கண்ணை மூடவில்லை. முடித்துவிட்டு மிதுனன் கடதாசியை இழுத்தெடுத்துப் பார்த்தான். மூலையில் ஒன்று தனியாக. மற்றதெல்லாம் ஒரு சில்லறைக் காசால் மூடக்கூடிய அளவுக்குள்.

வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"கிக்கே இல்லை, கையை உதைக்கேல்ல அங்கிள். அந்தப் பாரம்தான் பிடிச்சு வைக்குது என்ன? என்ரதில இப்பிடி ஒரு நாளும் வரேல்ல."

"முதல் வெடி?"

"முதல் வெடி குப்பை."

"அது பழகோணும். எங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது. கஸ்பருக்கு அதுக்கும் மேல."

"நீங்கள் ரெண்டுபேரும் சொல்லேக்க சும்மா பழசில இருக்கிற பாசம் எண்டு நினைச்சன். நல்ல சாமான்தான். கஸ்பர் அங்கிளிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் அவன் வேற ஏதும் சண்டை துவங்கியிருப்பான்," என்றார் றெமிஜியஸ். சிரித்தமாதிரி இருந்தது. "நீங்கள் சுடேல்லையோ?" என்று மிதுனன் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார்.

கொட்டிலுக்குள் போய்த் துவாயை விரித்தார். இந்த முறை துடைக்க வேலை இருந்தது. குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்தார். துணி கறுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக, பிறகு வெள்ளையாக வந்தது. மிதுனன் பக்கத்தில் இருந்து துணித்துண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தான். எண்ணெய் பூசி, பூட்டுப் போட்டு, பெட்டியில் வைத்து மூடி, பொறுப்பாளரான வெள்ளைக்காரக் கிழவரிடம் கொடுத்தார். எப்ப எடுக்க வருவாய் என்று கிழவர் கேட்டார். வருவேனோ தெரியாது என்றார் றெமிஜியஸ். கிழவர் அதற்குமேல் கேட்காமல் வோல்ற்றின் கதவைச் சாத்தினார்.

திரும்பும்போது காரைப் பேர்ணடெற் ஓடினார். அவர் ஹைவேயில் ஓடுவது குறைவு. எப்போதும் வலது ஓரத்தால், ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். 404இல் ஏறி இரண்டு பாலம் கடக்கவில்லை, பக்கத்துச் சீற்றில் மனுசனின் தலை யன்னலோடு சாய்ந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ரேடியோவை அவர் மெதுவாக நிறுத்தினார்.

401இல் கிழக்கே திரும்பினார். தங்கள் வீட்டுக்கு இறங்குகிற மார்க்கம் ரோட்டுப் பலகை வந்தது. இறங்கினால் சிக்னலில் நிற்கவேண்டும், திரும்பவேண்டும், வீட்டு வாசலில் எழுப்பவேண்டும். சிக்னல் லைற்றைப் போடக் கை போனது. போடாமல் திரும்பி வந்தது. காரை அதே வேகத்தில் விட்டார். மோர்னிங்சைட் போனது. பிக்கறிங் போனது. வலது பக்கத்தில் மரங்களுக்கு இடையால் வாவியின் தண்ணி இடைக்கிடை தெரிந்தது. மெலனி அடித்தாள், ஒரு விரலால் அழைப்பை வெட்டினார். அஜெக்ஸ் போனது.

ஒஷாவா கிட்டவாக வரும்போது றெமிஜியஸ் கண்விழித்தார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.

"எங்க வந்திட்டம்?"

"ஒஷாவா."

"ஏன்?"

"இறங்கிற எக்சிற்றை விட்டிட்டன்."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சீற்றைச் சற்றுப் பின்னால் சரித்துக்கொண்டு, திரும்பக் கண்ணை மூடினார்.

"சரி," என்றார். "ஓடும்."